மூன்றாவது பம்பு எதற்கு?

காரைக்குடிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் பல வருடமாக நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். வீசிங், இழுப்பு, இளைப்பு, மூச்சு முட்டுது என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டு வரும் ஆஸ்துமாக்காரர்களின் சீட்டில், ஏற்கெனவே இருக்கும் பம்புகளோடு மூன்றாவதாக டையோட்ரோபியம் போன்ற இன்னொரு இழுக்கும் மருந்தும் சேர்ந்து வருவதை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறேன். அதைப் பார்த்ததும் முகம் வாடிப்போகிறவர்கள் நிறையப் பேர். போன தை மாதம் கானாடுகாத்தானிலிருந்து வந்த ஒரு ஆச்சி சீட்டை நீட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இது கடைசி மருந்தாம்ல? இதுக்கு மேல ஒண்ணும் இல்லையாம்ல?"

"யாரு ஆச்சி அப்படிச் சொன்னது?"

"படைப்புக்கு வந்தவுக சொன்னாக."

படைப்பு என்றால் முன்னோருக்குப் படைத்துக் கும்பிட உறவுகள் கூடுவது. கடையில் கூட்டம். "அப்படியெல்லாம் இல்ல ஆச்சி, தைரியமா இழுங்க" என்று இரண்டு வார்த்தையில் அனுப்பிவிட்டேன். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசி மருந்து, பெரிய பவர் மருந்து, நோய் முத்தினவர்களுக்கு மட்டும் கொடுப்பது, இதை ஆரம்பித்தால் பழைய பம்பை நிறுத்திவிடலாம் என்று இந்த மருந்தைப் பற்றி ஊருக்குள் உலவும் பேச்சில் பெரும்பாலானவை தவறு. அதனால்தான் உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, உங்களுக்கு எது வேண்டும் என்பதை உங்களைப் பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும். அவர் எழுதிக்கொடுத்தது உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வரத்துக்கால் அடைபட்டால்

முதலில் மூச்சுக்குழாயைப் பார்ப்போம். நம் பக்கத்து ஊருணிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெய்யும் மழை வரத்துக்கால் வழியாகத்தான் ஊருணிக்கு வந்து சேர வேண்டும். அந்தக் கால்வாய் மூன்று விதமாகக் குறுகலாம். இரு பக்கக் கரையும் ஊறிப் பருத்து உள்பக்கமாகச் சரியலாம், சேறும் செத்தையும் நடுவில் அடைத்துக்கொள்ளலாம், அல்லது யாராவது மடைப்பலகையை இறக்கிவிடலாம். மூன்றில் எது நடந்தாலும் ஊருணிக்கு வரும் தண்ணீர் குறையும். மூன்றும் சேர்ந்து நடந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆஸ்துமாவில் இந்த மூன்றும்தான் நடக்கின்றன. மூச்சுக்குழாயின் உள்சுவர் சிவந்து வீங்குகிறது, இதற்கு அழற்சி என்று பெயர். கெட்டியான சளி ஊறி வழியை அடைக்கிறது. குழாயைச் சுற்றி வளையம் போல இருக்கும் தசை இறுகி அதை நெரிக்கிறது. குறுகிய வழியில் காற்று சிரமப்பட்டு வெளியேறும்போது கேட்கும் சீழ்க்கைச் சத்தத்தைத்தான் வீசிங் என்கிறோம்.

இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும், இது தெரியாததால்தான் பலர் "லேசா சுருங்குனா என்ன" என்று நினைக்கிறார்கள். ஒரு குழாயின் அகலம் பாதியாகக் குறைந்தால் அதில் சீராகக் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறத்தாழ 16 மடங்கு ஆகிறது. கொஞ்சம் சுருங்கினாலே மூச்சு அவ்வளவு முட்டுவதற்கும், கொஞ்சம் விரிந்தாலே "அப்பாடா" என்று இருப்பதற்கும் காரணம் அதுதான். மூன்றாவது மருந்து தரும் விரிவு பார்ப்பதற்குச் சின்னதுதான் என்றாலும் அதற்கு மதிப்பு இருப்பதும் இதனால்தான்.

சுருக்கமாக: சுவர் வீக்கம், சளி, தசை இறுக்கம் என்று மூன்று தொந்தரவுகள். எந்த மருந்து எதைக் கவனிக்கிறது என்று பார்த்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

ஏற்கெனவே கையில் இருக்கும் மருந்துகள்

திடீரென்று மூச்சு முட்டும்போது அடித்துக்கொள்ளும் பம்பு எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும், உள்ளே சால்பூட்டமால் இருக்கும். சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், நாலைந்து மணி நேரம் தாங்கும். ஆனால் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. மடைப்பலகையை மட்டும் தூக்கிவிட்டு, சரிந்த கரையை அப்படியே விட்டுவிடுவது மாதிரி. இந்த நீலப் பம்பை மட்டுமே நம்பி ஆஸ்துமாவை ஓட்டக்கூடாது என்று ஜினா என்னும் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் அமைப்பு 2019-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு பம்பில் பொதுவாக 200 முறை அடிக்க மருந்து இருக்கும். அது ஒரே மாதத்தில் தீர்கிறது என்றால் தினமும் ஆறு ஏழு முறை அடிக்கிறார் என்று அர்த்தம். மாதம் ஒன்று வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கும், ஏனென்றால் அந்த அளவுக்கு அடிக்கிறவர்களுக்கு உயிராபத்து கூடுகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம்.

வீக்கத்தைக் கவனிப்பது இழுக்கும் ஸ்டீராய்டு. புடெசோனைடு, ஃப்ளூட்டிகாசோன் போன்றவை. கரையைச் சீர்செய்யும் வேலை இது, அதனால் இழுத்த உடனே ஒன்றும் தெரியாது, நாள் கணக்கில், வாரக் கணக்கில்தான் பலன் தெரியும். "இழுத்தா ஒண்ணும் செய்யல தம்பி, நிறுத்திட்டேன்" என்று நான் கேட்டதெல்லாம் பெரும்பாலும் இந்த மருந்தைப் பற்றித்தான்.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் வரும் பயத்துக்கும் ஒரு வார்த்தை. பம்பில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. 1000 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். மூச்சுத்திணறல் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் கொடுக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். தினமும் 400 மைக்ரோகிராம் இழுக்கிறவர் நூறு நாளில் உள்ளே எடுத்துக்கொள்ளும் எடையும் அதே 40 மில்லிகிராம்தான். இரண்டும் வேறு வேறு ஸ்டீராய்டு, ஆற்றலும் வேறு, ஆகவே எடையை மட்டும் வைத்துச் சரிக்குச் சரியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் பம்புக்குப் பயந்து அதை நிறுத்துகிறவர்கள், கடைசியில் மாத்திரையாகப் பெரிய அளவு சாப்பிடும் நிலைக்குத் தாங்களே போய்ச் சேர்கிறார்கள் என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

இந்த ஸ்டீராய்டோடு, தசையை நீண்ட நேரம் தளர்த்தி வைக்கும் ஃபார்மோடெரால் அல்லது சால்மெடெரால் சேர்ந்து ஒரே கருவியில் வரும். உங்கள் காலை-இரவுப் பம்பு பெரும்பாலும் இதுதான். ஆக ஒரு பம்பு என்று நீங்கள் நினைப்பதற்குள்ளேயே இரண்டு மருந்துகள் இருக்கின்றன.

ஒரு பூட்டு, இரண்டு சாவித் துவாரம்

இப்போது மூன்றாவதுக்கு வருவோம். கேள்வி இதுதான்: தசையைத் தளர்த்த ஏற்கெனவே ஒரு மருந்து இருக்கும்போது, அதே தசைக்கு இன்னொன்று எதற்கு?

நம் செட்டிநாட்டு வலவு வீடுகளின் பெரிய தேக்குக் கதவையும் முழ நீளச் சாவியையும் பார்த்திருப்பீர்கள். மூச்சுக்குழாய்த் தசையின் ஒவ்வொரு செல்லிலும் அப்படிச் சாவித் துவாரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஓடும் ரசாயனச் செய்திகள் வந்து பொருந்தும் இந்த இடங்களுக்கு ஏற்பி என்று பெயர். ஒரு வகைத் துவாரத்தில் சாவி திரும்பினால் தசை தளரும். சால்பூட்டமாலும் ஃபார்மோடெராலும் அந்தத் துவாரத்துக்கான சாவிகள், போய்ப் பொருந்தித் திருப்பிவிடும். இன்னொரு வகைத் துவாரம் இருக்கிறது, அதில் சாவி திரும்பினால் தசை இறுகும். அந்தச் சாவியைச் செய்து அனுப்புவது நம் உடம்பேதான், அதன் பெயர் அசிட்டைல்கோலின். மூளையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கும் வேகஸ் என்ற நரம்பின் நுனியில் அது சுரக்கிறது.

வீட்டில் மிளகாய் வறுக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நெடி மூக்கில் ஏறுகிறது, அடுத்த அறையில் இருப்பவரும் இருமுகிறார். மூச்சுப்பாதையின் உணர்வு நரம்புகள் "ஏதோ ஆகாதது உள்ளே வருகிறது" என்று மூளைக்குச் சொல்ல, மூளை வேகஸ் நரம்பு வழியாக "வழியைச் சுருக்கு" என்று பதில் அனுப்ப, அசிட்டைல்கோலின் சுரந்து தசை இறுகுகிறது. இது எல்லாருக்கும் இருக்கும் தற்காப்புதான். ஆஸ்துமா உள்ளவருக்கு இந்தத் தற்காப்பு அளவு மீறிப் போகிறது, மற்றவர் இரண்டு தும்மலோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில் இவருக்கு நெஞ்சு அடைக்கிறது. ராத்திரி தூங்கும்போது வேகஸ் நரம்பின் கை ஓங்கியிருக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு இழுப்பு வந்து எழுந்து உட்கார்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

டையோட்ரோபியம் போன்ற மூன்றாவது மருந்து செய்வது என்னவென்றால், இறுக்கும் துவாரத்தில் போய் ஒரு போலிச் சாவியாக உட்கார்ந்துகொள்கிறது. அது திரும்பாது, ஆனால் உள்ளே இருக்கும்வரை உண்மையான சாவி நுழைய இடமில்லை. அசிட்டைல்கோலின் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போகிறது. டையோட்ரோபியம் அந்த இடத்தை விட்டு மிக மெதுவாகத்தான் கழன்று வரும், அதனால் ஒரு நாளைக்கு ஒரு வேளை இழுத்தால் 24 மணி நேரம் தாங்கும். கிளைக்கோபைரோனியம், யூமெக்லிடினியம் என்பவையும் இதே குடும்பம்.

ஆக, ஒருவர் கதவை இந்தப் பக்கமிருந்து தள்ளித் திறக்கப் பார்க்கிறார், மறுபக்கமிருந்து இன்னொருவர் அதை இழுத்துச் சாத்துகிறார் என்றால், தள்ளுகிறவருக்கு எவ்வளவு பலம் கூட்டினாலும் ஒரு அளவுக்கு மேல் பிரயோசனம் இல்லை. சாத்துகிறவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது மருந்து அந்தக் கையைப் பிடிக்கிறது. பழைய மருந்தைவிடப் பலமானது என்பதால் இதைக் கொடுப்பதில்லை. வேறு வழியாகப் போகிறது என்பதால்தான் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு அளவை இன்னும் இன்னும் ஏற்றிக்கொண்டே போகாமல் இருக்கவும் இது உதவுகிறது, ஏனென்றால் இழுக்கும் ஸ்டீராய்டும் பெரிய அளவில் பல வருடம் போனால் பக்கவிளைவு உண்டு.

சுருக்கமாக: ஸ்டீராய்டு வீக்கத்தைத் தணிக்கிறது, ஃபார்மோடெரால் வகை தசையைத் தளர்த்துகிறது, டையோட்ரோபியம் வகை தசையை இறுகவிடாமல் தடுக்கிறது. மூன்றுக்கும் மூன்று வேலை. அதனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது.

ஊமத்தையிலிருந்து வந்த வழி

இந்த வழி நமக்குப் புதிதும் இல்லை. ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகைத்தால் இளைப்பு தணியும் என்பது இந்த மண்ணில் பழைய அறிவு. 1802-இல் ஜெனரல் ஜென்ட் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி அதைச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார், அப்புறம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அங்கே ஆஸ்துமாவுக்கு ஊமத்தைப் புகை பிடித்தார்கள். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் என்ற பொருளும் அதே இறுக்கும் துவாரத்தைத்தான் அடைக்கிறது. ஆனால் அது நுரையீரலோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து மூளைவரை போய், கண்பாப்பா விரிந்து, புத்தி பேதலித்து, உயிரையே எடுத்துவிடும். தயவுசெய்து யாரும் ஊமத்தையைத் தேடிப் போக வேண்டாம்.

பிறகு வந்த வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறை மாற்றியமைத்து, ரத்தத்தில் எளிதில் கலக்காதபடியும் மூளைக்குள் நுழையாதபடியும் செய்தார்கள். முதலில் வந்தது இப்ராட்ரோபியம். ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு நெபுலைசர் வைக்கும்போது சால்பூட்டமாலோடு கலந்து கொடுப்பது இதைத்தான், சில மணி நேரம் தாங்கும். அதன் நீண்ட நேர உறவுக்காரர்தான் டையோட்ரோபியம்.

டையோட்ரோபியம் முதலில் சிஓபிடி என்ற நோய்க்குத்தான் வந்தது. புகைபிடிப்பதாலும் வருடக்கணக்கில் அடுப்புப் புகையை மூச்சிழுப்பதாலும் நுரையீரல் கெட்டுப்போகும் நோய் அது. போனில் மருந்துப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரருக்கு பீடிப் பழக்கமே கிடையாதே, மாத்திக் குடுத்துட்டாகளோ" என்று பதறி வந்தவர்கள் உண்டு. மாற்றிக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் 2015-இல் 12 வயதும் அதற்கு மேலும் ஆன ஆஸ்துமாக்காரர்களுக்கும், 2017-இல் 6 வயதிலிருந்தும் இதற்கு அனுமதி கிடைத்துவிட்டது.

எவ்வளவு பலன்?

கூட்டிச் சொல்ல மாட்டேன். 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வில் 912 பேர் இருந்தார்கள். எல்லாரும் ஏற்கெனவே ஸ்டீராய்டும் நீண்ட நேரத் தளர்த்தியும் இழுத்துக்கொண்டிருந்தவர்கள், அப்படியும் ஆஸ்துமா அடங்காதவர்கள். பாதிப் பேருக்கு டையோட்ரோபியமும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி இழுப்பும் சேர்த்துக் கொடுத்து 48 வாரம் கவனித்தார்கள். முதல் கடுமையான திணறல் வருவதற்கான காலம் 226 நாளிலிருந்து 282 நாளாகத் தள்ளிப்போனது, அப்படித் திணறல் வரும் ஆபத்து 21 சதவீதம் குறைந்தது. ஊதிப் பார்க்கும் மூச்சுத் திறனும் கூடியது. ஆனால் அன்றாடம் "எப்படி இருக்கு" என்ற கேள்விக்கான பதிலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அதனால்தான், ஒரு மாதம் இழுத்துவிட்டு "ஒண்ணும் பெரிசா தெரியல" என்று நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன். வராமல் போன திணறல் கண்ணுக்குத் தெரியாது. வருடத்தில் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடுவது குறைந்தாலே ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நிம்மதி என்பதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

சேர்ப்பதற்கு முன்னால்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம் இதுதான். ஆஸ்துமா அடங்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடந்த நாலு வாரத்தை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் பகலில் தொந்தரவு இருந்ததா, ராத்திரி இழுப்பு வந்து எழுந்தீர்களா, நீலப் பம்பு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா, மூச்சு வாங்குவதால் ஏதாவது வேலையை விட்டீர்களா? ஒன்றுக்குக்கூட ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கக்கூடாது. மூன்று நான்குக்கு ஆமாம் என்றால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை.

ஆனால் அங்கிருந்து நேராக மூன்றாவது மருந்துக்குத் தாவக்கூடாது. இருக்கும் மருந்து உள்ளே போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பம்பாக வருவதை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்கி, இழுத்து முடித்துப் பத்து விநாடி அடக்க வேண்டும். தூள் கேப்சூலைக் கருவியில் போட்டு இழுப்பதானால் அப்படியே தலைகீழ், வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்கள் ஏராளம். பம்பை வாய்க்குள் அடித்து, புகை மாதிரி மூக்கு வழியாக வெளியே வருவதைப் பார்த்துத் திருப்தியாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தூள் கேப்சூலை இழுக்க வேண்டும் என்று தெரியாமல் காலை காபிக்குப் பிறகு பத்து நாள் தண்ணீர் விட்டு விழுங்கிய ஒரு ஐயாவையும் தெரியும். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மருந்து கொடுத்த கடையும் சேர்த்துத்தான். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைப் பம்பில் மாட்டி இழுத்தால் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதிச் சிரமம் குறையும், வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வீடு. நம் பக்கத்தில் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டை ஒரு கல்யாணத்துக்கோ படைப்புக்கோ திறக்கிறோம். தூசி, பூஞ்சை, வௌவால் எச்சம், பழைய மெத்தைகளுக்குள் குடியிருக்கும் நுண்ணிய உண்ணிகள் எல்லாம் முதல் நாளே எழும்பி வரும். வந்து இறங்கிய அன்றைக்கே ஆஸ்துமா உள்ளவர் விளக்குமாறை எடுத்து முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுவரை கூட்டினால் எந்தப் பம்பும் தாங்காது. வேறு யாராவது முன்னதாகவே திறந்து ஈரத்துணியால் துடைத்து, இரண்டு நாள் காற்றாட விட்டு, அப்புறம் அவரை அழைத்து வாருங்கள். ஆச்சியிடம் பின்னால் விசாரித்தபோது, தை மாதத் திணறல் ஆரம்பித்ததும் அப்படித்தான் என்று தெரிந்தது.

இதெல்லாம் சரியாக இருந்தும், மிதமான அல்லது கூடிய அளவு ஸ்டீராய்டும் நீண்ட நேரத் தளர்த்தியும் தினமும் இழுத்தும் அடங்காதபோதுதான் டாக்டர் மூன்றாவதைச் சேர்ப்பார். தனிக் கருவியாகவும் வரும், மூன்றும் ஒரே கருவியிலும் வரும். கடைசி மருந்தா என்ற ஆச்சியின் கேள்விக்கும் பதில் இங்கே இருக்கிறது: இல்லை, தேவைப்பட்டால் அதற்கு மேலும் ஊசி மருந்துகள் உண்டு.

இழுக்க ஆரம்பித்த பிறகு

அதிகமாகச் சொல்லப்படும் தொந்தரவு வாய் உலர்தல். தண்ணீர் குடித்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஸ்டீராய்டு இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்புவதை இதனால் விட்டுவிட வேண்டாம். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் போகச் சிரமப்படுகிறவர்களும், கிளாக்கோமா என்ற கண்ணழுத்த நோய் உள்ளவர்களும் இதை ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அதே வகைத் துவாரங்கள் அங்கேயும் இருக்கின்றன. மருந்து கண்ணில் படக்கூடாது, கண் வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே காட்டுங்கள்.

ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு ஆஸ்துமாவுக்கு இதை மட்டும் இழுக்கவே கூடாது. வீக்கம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும், தசை தளர்ந்திருப்பதால் அது வெளியே தெரியாது.

திடீர் திணறலுக்கும் இது இல்லை. அந்த நேரத்துக்கு டாக்டர் எந்தப் பம்பைச் சொல்லியிருக்கிறாரோ அதைத்தான் எடுக்க வேண்டும். அதை அடித்தும் தணியாமல், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், ஏற்கெனவே கேட்ட சீழ்க்கைச் சத்தம் நின்றும் ஆள் சோர்ந்து போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-க்கு அடியுங்கள், அவரைப் படுக்க வைக்காமல் உட்கார வையுங்கள், வண்டி வரும்வரை அந்தப் பம்பை ஸ்பேசரில் மாட்டிக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.